கோட்டுக்கு வெளியே: இரவீந்திரநாதரும் குழந்தைகளும்

கவியரசர் தாகூரை 'கீதாஞ்சலி'யின் ஆசிரியராகவும், 1913இல் நோபல் பரிசு பெற்ற முதல் ஆசியராகவும் உலகம் அறியும். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரு பள்ளிக்கூடத்தின் சுமையைத் தோளில் தாங்கியவர் அவர் என்பது அந்த அளவுக்கு நினைக்கப்படுவதில்லை. அதற்கெனக் கடன் பட்டார்; ஊர் ஊராகச் சென்று பொருள் திரட்டினார். அப்பள்ளியில் வகுப்புகள் மரத்தடியில் நடந்தன. மாணவர்கள் ஆளுக்கொரு சிறு பாயுடன் வந்து அமர்ந்தனர். மழை வந்தால் வகுப்பு கலைந்தது. குழந்தையை வெளியே விடவேண்டும் என்ற எண்ணம் நூல்களைக் கற்று அவர் பெற்ற கொள்கையன்று. வெளியே விடப்படாத ஒரு சிறுவனாகத் தாமே இருந்து அறிந்தது அது.

1861 மே 7ஆம் நாள் கல்கத்தாவில், ஜோராசாங்கோ மாளிகையில் இரவீந்திரநாதர் பிறந்தார். தேவேந்திரநாதர், சாரதா தேவி இணையரின் மக்களில் நிலைத்து வளர்ந்தவர்களுள் கடைக்குட்டி அவரே. செல்வம் நிறைந்த வீடுதான். ஆயினும் சிறுவர்கள் வேலையாட்களின் ஆட்சியிலேயே வளர்ந்தனர். தந்தையார் ஆண்டின் பெரும்பகுதியை வெளியூர்ப் பயணங்களில் கழித்தார். தாயார் பெருங்குடும்பத்தின் பொறுப்பிலும் பின்னர் நோயிலும் ஆழ்ந்து, 1875இல் மறைந்தார்.

குல்னா மாவட்டத்திலிருந்து வந்த சியாம் என்னும் பணியாள், சிறுவனைக் காக்கும் வேலையை எளிதாக்கிக்கொள்ள ஒரு வழி கண்டிருந்தான். ஓரிடத்தில் அமர்த்திச் சுற்றிலும் சுண்ணக்கட்டியால் வட்டம் வரைந்துவிட்டு, அதைத் தாண்டினால் பெருந்தீங்கு வரும் என்று விரலை உயர்த்தி எச்சரித்துச் செல்வான். இலக்குவன் கிழித்த கோட்டைத் தாண்டிய சீதைக்கு நேர்ந்ததை அறிந்திருந்த சிறுவனுக்கு அவ்வச்சம் பொய்யாகத் தோன்றவில்லை. (கம்பனில் இக்கோடு இல்லை, அங்கே இராவணன் நிலத்தோடு பர்ணசாலையையே பெயர்த்துச் செல்கிறான். வங்காளத்துக் கிருத்திவாசரின் இராமாயணத்தில் உண்டு.) வட்டத்துக்குள் இருந்தபடியே சன்னல் வழியாக வெளியே பார்ப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு. கீழே படித்துறையோடு ஒரு குளம். மதிலோரம் ஓர் ஆலமரம். தெற்கே தென்னை வரிசை. காதுகளை விரலால் பொத்தி எண்ணிக்கை தவறாமல் முழுகுவோரையும், மேற்படியிலிருந்தே தொப்பென்று பாய்வோரையும் நாள் முழுதும் பார்த்திருந்தார். பிற்காலத்தில் 'ஜீவன்ஸ்மிருதி'யில் அவர் எழுதிய இப்பகுதியில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. அதனாலேயே அது நெஞ்சைத் தொடுகிறது.

பள்ளிகளும் அவருக்குப் பொருந்தவில்லை. ஓரியண்டல் செமினரி, நார்மல் பள்ளி, பெங்கால் அகாடமி, புனித சேவியர் என்று மாறி மாறிச் சேர்ந்தும் எதிலும் நிலைக்கவில்லை. வீட்டு வராந்தாவின் மரக்கம்பிகளையே மாணவர்களாக்கி, கையில் பிரம்புடன் அவற்றுக்குப் பாடம் நடத்திய விளையாட்டை அவரே சொல்லியிருக்கிறார். பாடத்தைவிட ஆசிரியரின் கடுமையையே தாம் எளிதில் கற்றுக்கொண்டதாக அவர் அங்கே தம்மை எள்ளிக்கொள்கிறார்.

முதல் விடுதலை ஒரு காய்ச்சலின் பேரால் வந்தது. நகரில் டெங்கு பரவியபோது குடும்பத்தில் ஒரு பகுதியினர் கங்கைக்கரைத் தோட்டவீடு ஒன்றில் தங்கினர். ஆற்றை அருகில் கண்டது அப்போதுதான். இரண்டாம் விடுதலை 1873இல். பூணூல் சடங்கு முடிந்து, மழித்த தலையுடன் பள்ளிக்குச் செல்லக் கூசிய மகனைத் தந்தையார் இமயப் பயணத்துக்குத் தம்முடன் அழைத்துச் சென்றார். வழியில் போல்பூரில் தங்கினர். ஏழிலைப்பாலை மரங்கள் நின்ற அப்பொட்டல் நிலத்தைத் தேவேந்திரநாதர் 1863இல் தியானத்துக்கெனப் பெற்று, சாந்திநிகேதன் என்னும் இல்லத்தை எழுப்பியிருந்தார். செம்மண் நிலத்தை மழைநீர் அரித்துப் பள்ளங்களும் குறு மேடுகளும் ஆக்கியிருந்தது. சிறுவர் அவற்றுள் தனியே அலைந்து விதவிதமான கற்களை மடியில் கட்டிக்கொண்டு வந்தார். தந்தையார் அவற்றைக் குப்பை என்று ஒதுக்கவில்லை. வியந்து பாராட்டி, மேட்டை அக்கற்களால் அணிசெய்யச் சொன்னார். பின்னர் டல்ஹௌசி மலையில், இரும்புப் பூணிட்ட கோலுடன் ஒரு சிகரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தனியே திரியவும் அவர் தடை சொல்லவில்லை. பதினோரு வயதுச் சிறுவன் மலைச்சரிவில் தவறி விழக்கூடும் என்பதை அறியாதவரல்லர் தேவேந்திரநாதர். அறிந்தே விட்டார். சாந்திநிகேதனின் முதல் ஆசிரியர் என்ற பெயர் அவருக்கே உரியது எனலாம்.

1890களில் குடும்ப நிலங்களின் மேற்பார்வை இரவீந்திரநாதரைப் பத்மா நதிக்கரைக்குக் கொண்டு சென்றது. படகு வீட்டிலிருந்தபடி கிராமத்துச் சிறுவர்களின் விளையாட்டுகளைக் கண்டார். 1892இல் வெளிவந்த 'சுட்டி' (விடுமுறை) என்னும் சிறுகதை அதன் விளைவு. ஆற்றங்கரையில் கிடந்த பெருமரத்தை உருட்டி விளையாடும் கூட்டத்தின் தலைவன் பதிக். அவனைப் படிப்புக்கெனக் கல்கத்தாவிலுள்ள மாமன் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நான்கு சுவர்களும், அன்பற்ற அத்தையும், அடிக்கும் பள்ளியும் சேர்ந்து அவனை வாட்டுகின்றன. விடுமுறை எப்போது என்ற ஒரே கேள்வியுடன் அவன் காய்ச்சலில் விழுகிறான். குழந்தைமீது பெரியவர்கள் செய்யும் கொடுமையை இத்தனை சிறிய கதையில் இத்தனை ஆரவாரமின்றிச் சொன்னவர் அக்காலத்தில் அரியர்.

1901 டிசம்பர் 22ஆம் நாள் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியது. மாணவர் ஐவர்; அவர்களுள் ஒருவர் மூத்த மகன் இரதீந்திரநாதர். பூரிக் கடற்கரையில் இருந்த வீடு விற்கப்பட்டது. துணைவியார் மிருணாளினி தேவியின் நகைகளும் சென்றன. தொடக்கத்தில் அது முழு உரிமையின் பள்ளியாக இருந்தது என்று சொல்லிவிட இயலாது. விடியுமுன் எழுதல், குளிர்நீராடல், காவியுடை, தியானம் எனப் பண்டைய தபோவனத்தைப் பின்பற்றிய கட்டுப்பாடு மிகுந்திருந்தது. உணவுப் பந்தியில் சாதி வேற்றுமையும் சில காலம் நிலவியது. கவிஞரின் கற்பனைக்கும் அவர் வாழ்ந்த காலத்துக்கும் இடையிலிருந்த இடைவெளி அது. வீட்டில் அடங்காத பிள்ளைகளைச் சீர்திருத்தவென்றே பெற்றோர் சிலர் அங்கு அனுப்பினர் என்பதையும் அவரே பதிவு செய்துள்ளார். அப்பிள்ளைகளுக்குக் கிடைத்ததோ திறந்த வெளி.

அவ்வெளியைப் பாடமாக்கியவர்களுள் சதீஷ் சந்திர ராய் என்ற இளங்கவிஞர் முதன்மையானவர். இருபது வயதை ஒட்டிய அவர், தேர்வுகளையும் எதிர்காலத்தையும் உதறிவிட்டு வந்து, வெயிலிலும் மழையிலும் மாணவர்களைத் திடலில் அழைத்துச் சென்று, தாம் படித்த காவியங்களை அவர்களுடன் பகிர்ந்துகொண்டார். வயதுக்கு மீறிய கவிதை என்று எதையும் அவர் மறைக்கவில்லை. 1904இல் பெரியம்மை அவரைக் கொண்டுபோயிற்று.

சாவு அவ்வாண்டுகளில் கவிஞரின் வீட்டை விட்டு அகலவில்லை. 1902 நவம்பரில் மிருணாளினி தேவி; 1903இல் மகள் ரேணுகா; 1905இல் தந்தையார். நோயுற்ற ரேணுகாவுடன் அல்மோராவில் தங்கியிருந்த நாட்களில்தான் 'சிசு' தொகுதியின் குழந்தைப் பாடல்களில் பலவற்றை அவர் எழுதினார். அவற்றின் துள்ளலைப் படித்து மகிழ்வோர் அப்பின்னணியை எளிதில் ஊகிக்க முடியாது.

இளைய மகன் சமீந்திரநாதன் ஆசிரமத்திலேயே வளர்ந்தவன். 1907ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பத்து வயதில், தோழர்களைத் திரட்டிப் பருவங்களின் வேடம் புனைந்து ஒரு விழா நடத்தினான். வகுப்பறைக்கு வெளியே பருவங்களைக் கொண்டாடும் சாந்திநிகேதனின் மரபு இச்சிறுவன் தொடங்கியது. அவ்வாண்டு விடுமுறையில் நண்பனொருவனுடன் முங்கேர் சென்ற இடத்தில் அவனுக்குக் காலரா கண்டது. தந்தை விரைந்து சென்று அருகிலிருந்தார். நவம்பர் 24ஆம் நாள் அவன் மறைந்தான். வங்காள நாட்காட்டியில் அது, ஐந்தாண்டுகளுக்கு முன் தாய் மறைந்த அதே நாள். திரும்பும் இரயிலில் வானெங்கும் நிலவொளி நிறைந்திருந்ததையும், எதிலும் ஏதும் குறைந்ததாகத் தெரியாததையும், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத் தம் ஒரே பேரனை இழந்தபோது மகள் மீராவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

இத்தகைய இழப்புக்குப் பின் ஒரு தந்தை மற்றப் பிள்ளைகளையேனும் கண்முன்னே அடைத்துவைக்க விரும்பினால் யாரும் வியப்படையமாட்டார்கள். இரவீந்திரநாதர் மறு ஆண்டே, 1908இல், 'சாரதோத்சவ'த்தை எழுதி ஆசிரமத்துக்கு வழங்கினார். இலையுதிர்கால விடுமுறையில் சிறுவர் கூட்டம் பாடிக்கொண்டு வெளியே ஓடிவரும் நாடகம் அது. உபநந்தன் என்ற ஒரு சிறுவன் மட்டும் விளையாட வரவில்லை. இறந்துபோன தன் ஆசானின் கடனைத் தீர்க்க ஏடு பெயர்த்து எழுதிக்கொண்டிருக்கிறான். துறவி வேடத்தில் வந்த பேரரசன் அவனை இழுத்துச் செல்லவில்லை. தானும் அமர்ந்து எழுதத் தொடங்க, மற்றச் சிறுவர்களும் சேர்ந்துகொள்ள, கடன் தீர்ப்பதே அன்றைய விளையாட்டாகிறது. மகனை இழந்த மறு ஆண்டில் எழுதிய இந்நாடகத்தில் துயரத்தின் சாயல் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைக் கவிஞர்கள் அறிவர்.

1911இல் எழுதிய 'டாக்கர்' (அஞ்சல் நிலையம்) அடைபட்ட குழந்தையை நேராகவே மேடையேற்றியது. வெயிலும் காற்றும் ஆகாதென்று வைத்தியர் விதித்ததால் அமல் சன்னலோரத்தில் இருக்கிறான். தயிர்க்காரன், காவலாள், பூப்பறிக்கும் சிறுமி என்று தெருவில் செல்வோரோடு பேசுகிறான். தன் பொம்மைகளையெல்லாம் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுத்து, தன் சன்னலுக்கு எதிரே விளையாடுமாறு வேண்டுகிறான். இறுதியில் வரும் அரச வைத்தியர் செய்யும் முதல் வேலை, கதவு சன்னல்களைத் திறக்கச் சொல்வது. 1942 ஜூலை 18ஆம் நாள், வார்சாவில் யூதர்களை அடைத்துவைத்த சுவர்களுக்குள், யானுஷ் கோர்ச்சாக் தம் அநாதை இல்லக் குழந்தைகளைக் கொண்டு இந்நாடகத்தை நடத்தினார். அடுத்த மாதத் தொடக்கத்தில் அவரும் அக்குழந்தைகளும் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

அமெரிக்காவில் தம் பள்ளியைப் பற்றி ஆற்றிய உரையில் இரவீந்திரநாதர் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட்டார். கண்டிப்புக்குப் பெயர்போன ஒரு தலைமையாசிரியர், மாணவன் ஒருவன் மரக்கிளையில் ஏறி அமர்ந்து படிப்பதைக் கண்டு முகம் சுளித்தார். நாகரிக மனிதன் நாற்காலிக்கும் மரக்கிளைக்கும் இடையே தேர்ந்துகொள்ள இயலும் காலம் குழந்தைப் பருவம் ஒன்றுதான் என்று கவிஞர் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. செருப்பைப் பற்றியும் அவருக்கு ஒரு வழக்கு உண்டு. வெறுங்காலுக்கு மண் செலவின்றிப் புகட்டும் கல்வியைச் செருப்பு தடுத்துவிடுகிறது என்பது அவர் கட்சி. முள்ளும் கல்லும் நிறைந்த போல்பூர் நிலத்தில் பெற்றோர் அனைவரும் இதை ஏற்றிருப்பர் என்று நினைக்க இடமில்லை.

எல்லாம் அவர் எண்ணியவாறு நடக்கவில்லை. பல்கலைக்கழகத் தேர்வின் நிழல் மரத்தடி வரை நீண்டது. அரசு ஊழியரின் பிள்ளைகள் பயில ஏற்ற இடமன்று என்று அரசின் சுற்றறிக்கை ஒன்று சென்றதால் மாணவர் சிலர் விலகினர். ஆயினும் திடல் சுருங்கவில்லை. 1905இலேயே சானோ என்ற ஜப்பானியர் வந்து ஜூடோ கற்பித்தார்; 1929இல் தகாகாகி வந்தபோது பெண்பிள்ளைகளும் களத்தில் இறங்கினர். அக்காலத்து வங்காளத்தில் இது சிறு செய்தியன்று.

எண்பதை நெருங்கிய வயதில், 1940இல், ஆசிரமத்துப் பிள்ளைகள் படிப்பதற்கென்று 'சேலேபேலா' (பிள்ளைப் பருவம்) என்ற சிறு நூலை எழுதினார். வராந்தா மூலையில் கிடந்த பாட்டி காலத்துப் பழம்பல்லக்கினுள் புகுந்துகொண்டு, காடும் கடலும் கடந்து செல்வதாக ஒரு சிறுவன் கற்பனை செய்த கதை அதில் வருகிறது. அதைப் படித்த பிள்ளைகளுக்கு அத்தகைய பல்லக்கு தேவைப்பட்டிருக்காது.

1941 ஆகஸ்டு 7ஆம் நாள், வங்காள மாதம் சிராவணம் 22இல், ஜோராசாங்கோ மாளிகையில் அவர் காலமானார். 1928இல் அவர் சாந்திநிகேதனில் தொடங்கிய மரம் நடு விழா பின்னர் அந்நாளுக்கு உரியதாயிற்று. மழைக்காலமாதலால் கன்று எளிதில் வேர்கொள்ளும். பிள்ளைகள் பாடிக்கொண்டு அதை எடுத்துச் சென்று நடுகிறார்கள்.