தகடூர் ஔவையார்

உயிர்க்கு ஆண் பெண் என்னும் வேறுபாடு இல்லை என்பது நம் சித்தாந்த சைவத்தின் துணிபு. அவ்வேறுபாடு மாயையினின்றும் வந்த உடம்பைப் பற்றியது. அறிவை மறைக்கும் ஆணவமலம் ஆடவரை விடுத்து மகளிரைப் பற்றுவதன்று. அதனைக் களையும் திருவருளும் ஆடவர்க்கே உரியதன்று. இதனை நாம் மேடைதோறும் கூறி வருகின்றோம். ஆயினும், கல்வி, தலைமை என்னும் இரண்டினும் இவ்வுண்மையை எத்துணையளவு நடையிற் கொண்டோம் என ஆராயப் புகுவார்க்கு ஒரு பெருமாட்டியாரின் வாழ்வு உரைகல்லாக நிற்கின்றது. அவர், தகடூர்த் தலைவன் அதியமான் நெடுமானஞ்சியின் அவைக்களத்து விளங்கிய ஔவையார். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

தகடூர் என்பது இக்காலத்துத் தருமபுரி. சேலம் மாவட்டத்தினின்றும் 1965ஆம் ஆண்டிற் பிரிந்து அது தனி மாவட்டமாயிற்று. நகர்க்கு அணித்தாயுள்ள அதியமான்கோட்டை என்னும் ஊர் பழங்குடியின் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. அதியர் குடியின் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தவர் என்பது ஔவையார் பாட்டாலேயே அறியப்படும். திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981ஆம் ஆண்டு கண்டறியப்பெற்ற தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, சதியபுதோ என்னும் அடையோடு அதியன் நெடுமானஞ்சியின் பெயரைக் கூறி, அவன் அளித்த உறையுளைக் குறிக்கின்றது. அசோகன் தன் கல்வெட்டிற் சேர சோழ பாண்டியரோடு ஒருங்கெண்ணிய சதியபுத்திரர் அதியரே என்பது இதனால் வலியுறுகின்றது. ஆகவே, ஔவையார் பாடிய தலைவன் கதையிற் படைக்கப்பட்டவன் அல்லன். கல்லிற் பெயர் பொறித்த காவலன் என்க.

ஔவையார் என்னும் பெயருடையார் ஒருவரல்லர். சிறுவர் பயிலும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலியன செய்தவர் பல நூற்றாண்டு பிற்பட்டவர் என்பது அறிஞர் முடிபு. நாம் கூறப் புகுந்தவர் சங்கப் புலவர். அவர் பெயரால் வழங்கும் பாட்டுக்கள் 59. அவற்றுள் புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4 உள்ளன. சங்கப் புலவருள் மகளிர் முப்பதின்மர்க்குக் குறையார். அவருள் மிகுதியாகப் பாடியவர் இவரே. உ. வே. சாமிநாதையரவர்கள் 1894ஆம் ஆண்டு புறநானூற்றை அச்சிட்டு வெளிப்படுத்திய பின்னரே இவரது மெய்வடிவம் பலர்க்கும் காணக் கிடைத்தது. அதற்கு முன்னர் மக்கள் அறிந்தது பெரும்பாலும் கதை ஔவையையே.

பாடிப் பரிசில் பெறுவோர் மரபில் ஔவையார் தகடூரை அடைந்தார். ஒருகால் அஞ்சி பரிசிலை நீட்டித்தான். அந்நிலையில் அவர் இரந்து நின்றாரல்லர். வாயில் காவலனை விளித்து, நின் தலைவன் தன்னை அறியானோ, என்னை அறியானோ என்னும் கருத்துப்படப் பாடி, யாழும் பையும் எடுத்துக்கொண்டு புறப்படலாயினார். கற்றவர்க்கு எத்திசைச் செல்லினும் சோறு உண்டு என்பது அவர் துணிவு. மழுவேந்திக் காடு புகும் தச்சர் மக்களை அவர் தமக்கு உவமை கூறினார். மரமுள்ள இடமெல்லாம் தச்சர்க்கு வாழ்வு. அறிவுடையார் உள்ள இடமெல்லாம் புலவர்க்கு வாழ்வு. கல்வி தமக்குத் தந்த தலைநிமிர்வை ஒரு பெண்பால் புலவர் வேந்தன் வாயிலிலேயே நாட்டிய செய்தி இஃது. பின்னர் அவன் கொடையைப் பாடுங்கால், அது யானை தன் கோட்டிடை வைத்த கவளம் போலத் தப்பாது கைவருவது என்று உறுதி கூறினமையும் காண்க. நட்பும் மானமும் ஒருங்கு நின்றன.

அஞ்சி அவரிடத்து வைத்த மதிப்பிற்கு நெல்லிக்கனி சான்று. உயர்ந்த மலைப் பிளவில், அடைதற்கரிய இடத்திற் பெற்ற கனி அது. உண்டாரை நெடிது வாழ்விப்பது. அதன் பயனைக் கூறாது தன்னுள்ளே அடக்கி அவன் அதனை ஔவையார்க்கு ஈந்தான். பிறை சூடி நஞ்சுண்டு மிடறு கறுத்த பெருமானைப் போல அவன் நிலைபெறுக என அவர் வாழ்த்தினார். சைவ நன்மக்கள் இவ்வாழ்த்தினைப் போற்றுவது முறையே. ஆயினும், இதனுள் மற்றொன்றும் உண்டு. நாடாளும் தன்னுயிரினும் பாடும் அவருயிர் உலகிற்கு வேண்டுவது என ஒரு வேந்தன் துணிந்தான் அன்றோ! அத்துணிவிற்கு அவர் பெண்மை தடையாயிற்றில்லை.

இனி, தூது. அரசியலில் தூதுரைப்பது அமைச்சர்க்கு நிகரான பொறுப்பு. அஞ்சி அதனைத் தொண்டைமானிடத்துச் செலுத்த ஔவையாரையே தேர்ந்தான். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டிப் பெருமிதங் கொண்டான். ஔவையார் அவற்றின் அழகைப் புகழ்வார் போன்று, அவை பீலியணிந்து நெய் பூசப்பெற்றுக் காவலோடு விளங்குதலையும், அஞ்சியின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லன் பட்டறையிற் கிடத்தலையும் எடுத்துரைத்தார். புகழ்ச்சியின் உள்ளே எச்சரிக்கையை வைத்த இச்சொல்வன்மை, தூதிலக்கணம் கூறும் நூல்களுக்கெல்லாம் இலக்கியமாக அமைந்தது.

மூவேந்தர்க்கும் அவர் அறிவுரை கூறினார். சோழன் இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளியும், சேரமான் மாவண்கோவும், பாண்டியன் கானப்பேரெயில் கடந்த உக்கிரப்பெருவழுதியும் ஓரிடத்து வீற்றிருந்தாராக, நாடு உடன்வாராது, செய்த நல்வினையே துணையாவது என்று அவர்க்கு உணர்த்தி, வானத்து மீன்களினும் மழைத்துளிகளினும் மிக்க வாழ்நாள் பெறுக என வாழ்த்தினார். நிலம் நாடாயினும் காடாயினும், அதன் நன்மை அதன்கண் வாழும் ஆடவரது ஒழுக்கத்தின் வழியது என்று வரையறுத்தவரும் அவரே. ஆடவர் ஒழுக்கத்தை அளந்து கூறும் உரிமையைச் சங்கச் சான்றோர் ஒரு பெண்மகளார்க்கு மறுத்திலர் என்பது சிந்திக்கத்தக்கது.

அஞ்சி போரில் வீழ்ந்தான். தகடூரை எறிந்தவன் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை எனப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தாற் பெறப்படும். அஞ்சியின் மார்பைத் துளைத்த வேல் பாணர் உண்கலத்தையும், இரப்பவர் கையையும், புலவர் நாவையும் ஊடுருவிச் சென்றது எனக் கருதிக் கலங்கினார் ஔவையார். அவனுக்கு நட்ட கல்லையும் அதற்குப் படைத்த படையலையும் கண்டு பாடினார். நடுகற்கள் மலிந்த தருமபுரி நாட்டிற் செல்வார்க்கு அப்பாட்டு நினைவு வாராது ஒழியாது.

இனி, யாம் ஒரு குறையை வெளியிடல் வேண்டும். ஔவையார் என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது நரைமூதாட்டியின் வடிவம். திருமணத்திற்கு அஞ்சிய கன்னி, விநாயகப் பெருமானை வேண்டி இளமை நீங்கி மூப்பெய்தினாள் என்பது கதை. சங்கப் பாட்டுக்கள் அவ்வாறு காட்டவில்லை. ஒரு பாட்டில் பகை வேந்தன் அவரை மையுண்ட கண்ணும் ஒளிநுதலும் உடைய விறலி என விளிக்கின்றான். மற்றொன்றில் அவர் தம் சொல்லை மழலைக்கும், அஞ்சியைத் தந்தைக்கும் ஒப்பிடுகின்றார். அகப்பாட்டு 26உம் இளமகளிர் நெஞ்சின் துடிப்பை நுனித்து உணர்ந்தவர் பாட்டு. மூப்பு எங்கிருந்து வந்தது? கற்று அவையேறும் பெண்ணைப் பிற்காலத்தார் இளமையோடு காணப் பொறாமையால் வந்தது என்பதே எம் கருத்து. அக்கதையின் உட்பொருள், பெண்மையை இழந்தாலன்றிப் பெண்ணுக்குப் புலமை இல்லை என்பதாம்.

காரைக்காலம்மையாரும் உடலழகு துறந்து பேய்வடிவு வேண்டினாரல்லரோ எனச் சிலர் வினவலாம். அவர் வேண்டியது தாமே கொண்ட அன்பின் முதிர்ச்சியால். பிறர் விதித்த விலையாக அன்று. மங்கையர்க்கரசியார் அரசியாயிருந்தே பாண்டி நாட்டிற் சைவம் தழைப்பித்தார். திலகவதியார் தமக்கையாயிருந்தே நாவரசரை நமக்கு மீட்டளித்தார். இவர்க்கெல்லாம் மூப்பு முன்வேண்டப்பட்டதில்லை.

யாம் இளமையில் ஆசிரியர் ஒருவரில்லத்துப் பாடங்கேட்ட காலை, அவர் மகளார் கதவின் மறைவில் நின்று கேட்டே நூல்கள் பலவற்றை நெட்டுருச் செய்தார். யாம் மறந்த அடியை அங்கிருந்தே எடுத்துக் கொடுப்பார். நூல் மட்டும் அவர் கையிற் கொடுக்கப்படவில்லை. அன்று அது முறையெனவே எமக்குத் தோன்றிற்று. இன்று எண்ணுந்தோறும் நாணுகின்றோம். காக்கைபாடினியார் நச்செள்ளையார்க்கு ஒன்பது காப் பொன்னும் நூறாயிரங் காணமும் அளித்துத் தன் பக்கத்து வைத்துக்கொண்ட ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் எங்கே, நாம் எங்கே!

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மாவட்டங்களுள் எழுத்தறிவிற் கடையாய் நின்றது தருமபுரியே. அங்கு ஆடவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 77 பேர் எழுத்தறிந்திருக்க, மகளிருள் 60 பேரே அறிந்திருந்தனர். ஔவையார் வீற்றிருந்த மண்ணில் இந்நிலை. குற்றம் மண்ணினது அன்று என்பதை அவர் பாட்டே கூறும்.

சிலையும் விழாவும் அவர்க்குப் போதா. திருமடங்களிற் சாத்திரப் பாடஞ் சொல்லும் இடத்தே மகளிர் கதவின் மறைவில் நில்லாது முன்னிருந்து கேட்கவும், கேட்டுத் தெளிந்தோர் பாடஞ் சொல்லவும் இடஞ்செய்தலே அவர்க்குச் செய்யும் நன்றி. அஞ்சி கனியைக் கையில் வைத்துக்கொண்டு தகுதியை ஆராய்ந்து காலம் தாழ்த்தவில்லை, கொடுத்தான். நம் கையிலுள்ள கனி கல்வி. திருவருள் துணை நிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.