தந்தி தந்த மருத்துவர்

மின்கம்பியின் வழியே செய்தி அனுப்பும் முறையை நம் நாட்டில் நிலைநாட்டியவர் வில்லியம் ஓஷானசி ஆவார். 1809ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டு லிமெரிக் நகரில் பிறந்த அவர், எடின்பரோவில் மருத்துவம் பயின்றார். பின்னர்க் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார்.

1839ஆம் ஆண்டில் அந்நகரை அடுத்த தாவரவியல் பூங்காவில் மூங்கில்களை நட்டு, 21 மைல் நீளமுள்ள கம்பியை அவற்றின்மேல் திரும்பத் திரும்பக் கொண்டுசென்று கட்டினார். குறிப்புகள் அதன் வழியே தடையின்றிச் சென்றன. ஆயினும், அரசினர் அம்முயற்சியைப் பொருட்படுத்தவில்லை. ஓஷானசி மனந்தளரவில்லை, பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்.

டல்ஹௌசி பிரபு தலைமை ஆளுநரானபின் காலம் கனிந்தது. 1851ஆம் ஆண்டில் கல்கத்தாவிற்கும் டைமண்டு துறைமுகத்திற்கும் இடையே தந்தி இயங்கலாயிற்று. புயலும் மழையும் மிகுந்த நாட்டில் மெல்லிய கம்பி அறுந்துவிடும் என்றுணர்ந்த அவர், அங்குத் தடித்த இரும்புக் கோல்களைப் பயன்படுத்தினார். 1855ஆம் ஆண்டில் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்கள் தந்தியால் இணைந்தன. பொதுமக்களும் செய்தி அனுப்பலாயினர். பின்னாளில் குறிஞ்சிப்பாடி போன்ற ஊர்களுக்கும் தந்திச் செய்தி வந்து சேர்ந்தது.

ஓஷானசி 1889ஆம் ஆண்டில் மறைந்தார். இந்தியத் தந்திப் பணி 2013ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நிறைவெய்தியது. எனினும், புறக்கணிப்பைக் கண்டு சோர்வடையாத அவருடைய ஊக்கம் நாம் போற்றிப் பின்பற்றத்தக்கது.