வானத்தில் காவல் வைத்தவர்!

கோடீசுவரர் வீட்டுப் பிள்ளை. குடும்பத்துக்குச் சொந்தமாகத் துணி மில் இருந்தது. உட்கார்ந்து கணக்குப் பார்த்தாலே போதும். ஆனால் அவர் மனம் நாடியதோ வானத்தை!

அவர்தான் விக்ரம் சாராபாய். வங்கக் கடலில் புயல் உருவானால், அதன் படத்தை நமது செயற்கைக்கோளே எடுத்து அனுப்புகிறது. அதற்கு வித்திட்டவர் அவர்.

ராமனின் மாணவர்

1919-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி ஆமதாபாத்தில் பிறந்தார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் படித்தார். உலகப் போர் மூளவே தாயகம் திரும்பி, பெங்களூரில் சர் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

1942-ல் பரதநாட்டியக் கலைஞர் மிருணாளினியை மணந்தார். போர் முடிந்ததும் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று, 1947-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

மாதா கோவிலில் ராக்கெட்டு

திருவனந்தபுரத்தை அடுத்த மீனவர் கிராமம் தும்பா. பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே செல்வதால், ஆராய்ச்சி ராக்கெட்டு விட ஏற்ற இடம் அது. ஆனால் அங்கே மாதா கோவில் இருந்தது. மீனவர் வீடுகளும் இருந்தன.

சாராபாய் பிஷப்பைச் சந்தித்து விஷயத்தை விளக்கினார். பிஷப் மக்களிடம் கேட்டார். அவர்கள் தங்கள் கோவிலையே விட்டுக் கொடுத்தார்கள்! கோவில் தொழிற்கூடம் ஆயிற்று. 1963 நவம்பர் 21-ந் தேதி முதல் ராக்கெட்டு சீறிப் பாய்ந்தது.

ஏழை நாட்டுக்கு ராக்கெட்டு எதற்கு என்று பலர் கேட்டார்கள். சந்திரனுக்குப் போக அல்ல, ஏழையின் குறை தீர்க்கவே என்பது அவர் பதில். செயற்கைக்கோள் வானிலையைக் காட்ட வேண்டும். கிராமத்துக்குச் செய்தியும் கொண்டு போக வேண்டும். இதுவே அவர் திட்டம்.

கண் மட்டும் போதாது

அது எவ்வளவு அவசியம் என்பதை 1970 நவம்பர் காட்டியது. கிழக்குப் பாகிஸ்தானைப் பெரும் புயல் தாக்கியது. அமெரிக்கச் செயற்கைக்கோள் அந்தப் புயலைப் படம் பிடித்திருந்தது. ஆனால் தீவுகளில் இருந்த ஏழைகளுக்கு உரிய எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. சுமார் 3 லட்சம் பேர் மாண்டார்கள்!

சாராபாய் தமது திட்டம் நிறைவேறியதைக் காணவில்லை. 1971 டிசம்பர் 30-ந் தேதி, தும்பாவுக்கு வந்திருந்தபோது, கோவளத்தில் காலமானார். வயது 52.

கண்ணும் வாயும்

1983-ல் இன்சாட்-1பி விண்ணில் ஏறியது. புயலைப் படம் பிடிப்பதும், செய்தி பரப்புவதும் ஒரே செயற்கைக்கோளின் வேலை ஆயின. 1988-ல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ பூமியையே படம் பிடித்தது. வெள்ளம் சூழ்ந்த வயல் எது, துண்டிக்கப்பட்ட ஊர் எது என்று படம் பார்த்து அறியும் வழி பிறந்தது.

1999-ல் ஒடிசா புயலில் சுமார் 10 ஆயிரம் பேர் இறந்தார்கள். 2013-ல் அதே கரையில் பைலின் புயல் வீசியது. முன்கூட்டியே சுமார் 10 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். இறந்தவர்கள் சில பத்துப் பேரே.

ஆனால் 2017 நவம்பரில் ஒகி புயல் வந்தது. ஆழ்கடலுக்கு முன்பே போய்விட்ட மீனவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கரைகளில் பல குடும்பங்கள் ஆண் துணையை இழந்தன. அதன் பிறகே, நடுக்கடலிலும் எச்சரிக்கை பெறும் செயற்கைக்கோள் கருவிகள் படகுகளுக்கு வரத் தொடங்கின.

கோவிலைக் கொடுத்தவர்கள் அந்தக் கரை மீனவர்கள். கடைசிப் படகுக்கும் செய்தி போய்ச் சேரும் நாளில்தான் சாராபாயின் பணி முழுமை பெறும்.