மீட்பும் மறுவாழ்வும்: மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்வும் பணியும்

முன்னுரை

பாலியல் சுரண்டலிலிருந்து ஒரு பெண்ணை விடுவித்தல் ஒரு நாளில் நிகழ்ந்துவிடலாம். விடுவிக்கப்பட்டவள் மீண்டும் அந்நிலைக்குத் தள்ளப்படாமல் காத்தல் பல்லாண்டுப் பணியாகும். உறைவிடம், மருத்துவம், கல்வி, பொருளாதாரப் பிடிப்பு, சட்டப் பாதுகாப்பு ஆகிய ஐந்தும் ஒன்றோடொன்று இணைந்தாலன்றி அப்பணி நிறைவுறாது. தமிழகத்தில் இவ்வுண்மையைத் தம் செயலால் முதலில் உணர்த்தியவருள் ஒருவர் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி (1886–1968). தேவதாசி ஒழிப்புச் சட்டத்தோடு மட்டும் இணைத்தே அவர் பெரிதும் நினைக்கப்படுகிறார். சட்டத்திற்கு முன்பே அவர் தொடங்கிய மறுவாழ்வுப் பணியை அவருடைய வாழ்க்கை வரலாற்றின் வழி எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

முத்துலட்சுமி 1886 சூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபினர். தாய்வழி உறவின் காரணமாகச் சமூகத்தின் புறக்கணிப்பை அவர் இளமையிலேயே அறிந்திருந்தார். ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் எதிர்ப்புக்கிடையே இடம் பெற்றார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம் தொழிலுக்கும் பொதுப்பணிக்கும் தடை கூடாது என்னும் உடன்பாட்டின் மீதே அத்திருமணம் நடைபெற்றது.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவம் பார்த்த பட்டறிவு அவருடைய பிற்காலப் பணிக்கு அடித்தளமாயிற்று. சுரண்டலை அவர் ஒழுக்கக் கேடு என்ற அளவில் மட்டும் காணவில்லை. உடல்நலத்தையும் குழந்தைகளின் எதிர்காலத்தையும் அழிக்கும் சமூகக் கேடாகவும் கண்டார்.

சட்டமன்றப் பணி

இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் அவர் சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டு, 1927இல் அதன் துணைத் தலைவரானார். பிரித்தானிய இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண் அவரே. அக்காலத்தில் மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த ப. சுப்பராயன், அன்றைய சேலம் மாவட்டத்துத் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார் ஆவார்.

1927 நவம்பரில், கோயில்களுக்குச் சிறுமியரைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைத் தடுக்க வேண்டும் என்னும் தீர்மானத்தை முத்துலட்சுமி முன்மொழிந்தார். தொடர்ந்து 1929இல் இந்து அறநிலையச் சட்டத்திற்குத் திருத்தம் நிறைவேறியது. கோயில் பணிக்கு ஈடாக இனாம் நிலம் பெற்றிருந்த பெண்களை அப்பணியினின்று விடுவித்து, நிலத்தை அவர்கள் வசமே விடுவது அத்திருத்தத்தின் சாரம். வழக்கத்தைத் தடைசெய்யுமுன் வாழ்வாதாரத்தைக் காக்க வேண்டும் என்னும் தெளிவு இதில் புலப்படுகிறது. எனினும் அந்நிலங்கள் பலவிடங்களில் ஆண் உறவினர் கைக்குச் சென்றமையைப் பிற்கால ஆய்வாளர் சுட்டியுள்ளனர்.

எதிர்ப்பும் எழுந்தது. சட்டமன்றத்தில் எஸ். சத்தியமூர்த்தி மறுப்புரைத்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட கலைஞர்களும் தேவதாசி சங்கத்தினரும் தங்கள் கலையும் சொத்துரிமையும் பரத்தமையோடு ஒன்றாக்கப்படுவதை ஏற்க மறுத்தனர். அவர்களின் வாதம் பொருளற்றதன்று. ஆயினும் விருப்பத்தைச் சொல்லும் அகவை எய்தாத சிறுமியைப் பொட்டுக்கட்டுதல் என்னும் சிக்கலுக்கு அவ்வாதத்தில் விடை இல்லை. முத்துலட்சுமியின் அழுத்தம் அச்சிறுமியின் மீதே இருந்தது.

அதே காலப்பகுதியில் பரத்தமை விடுதிகளை ஒடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் 1930இல் உருப்பெற அவரும் உழைத்தார். 1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துத் தம் பதவியைத் துறந்தார்.

ஔவை இல்லம்

பதவி துறந்த அதே ஆண்டில்தான் அவருடைய பணி புதிய வடிவம் கொண்டது. தேவதாசிக் குடும்பங்களிலிருந்து வெளியேறிய இளம்பெண்கள் அவரிடம் அடைக்கலம் தேடி வந்தனர். அக்காலச் சென்னையில் பெண்களுக்கான மாணவியர் விடுதிகள் சாதி அடிப்படையில் பிரிந்திருந்தன. பிறப்பைக் காரணம் காட்டி அப்பெண்களை ஏற்க அவை முன்வரவில்லை. வெளியேறு என்று சொல்லும் சமூகம், வெளியேறியவளுக்குக் கதவு திறக்கவில்லை. முத்துலட்சுமி தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்து, பின்னர் அடையாற்றில் நிலைபெற்றது.

இல்லத்தின் அமைப்பு நோக்கத்தக்கது. சாதி, பிறப்பு ஆகியவற்றைக் கேளாமல் ஆதரவற்ற சிறுமியர் சேர்க்கப்பட்டனர். உணவும் உறைவிடமும் அளிப்பதோடு நில்லாமல், கல்வி தந்து தொழிலில் அமர்த்துவதே குறிக்கோளாயிற்று. மீட்கப்பட்டவர்களையும் பிற ஏழைச் சிறுமியரையும் ஒன்றாக வளர்த்ததால், இல்லத்தின் பெயரே ஒருத்திக்கு வடுவாகும் நிலை தவிர்க்கப்பட்டது.

சட்டம் நிறைவேறுதலும் பிற்காலமும்

பொட்டுக்கட்டுதலை முற்றிலும் தடைசெய்யும் மசோதா 1930களில் நிறைவேறவில்லை. அவ்விடைவெளியில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மேடைப் பேச்சாலும், 1936இல் வெளிவந்த தம் நாவலாலும் மக்களிடையே கருத்தைப் பரப்பினார். ஓ. பி. இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த 1947இல் தடைச் சட்டம் நிறைவேறியது. சுப்பராயன் அவ்வமைச்சரவையிலும் இடம்பெற்றிருந்தார். முதல் தீர்மானத்திற்கும் சட்டத்திற்கும் இடையே இருபது ஆண்டுகள் கழிந்தன. அவற்றுள் பதினேழு ஆண்டுகள் ஔவை இல்லம் செயல்பட்டுவந்தது என்பது கருதத்தக்கது. பணி சட்டத்திற்காகக் காத்திருக்கவில்லை.

விடுதலைக்குப் பின் அவர் மாநிலச் சமூகநல ஆலோசனை வாரியத்தின் முதல் தலைவரானார். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தோன்றக் காரணமானார். 1956இல் பத்மபூஷண் விருது பெற்றார். அதே ஆண்டில் பெண் கடத்தலையும் பரத்தமைச் சுரண்டலையும் ஒடுக்க இந்திய அரசு இயற்றிய சட்டம், மீட்கப்பட்டோருக்கான பாதுகாப்பு இல்லங்களைச் சட்டத்தின் பகுதியாக்கியது. 1968 சூலை 22ஆம் நாள் முத்துலட்சுமி மறைந்தார்.

முடிவுரை

முத்துலட்சுமியின் பணிக்கு எல்லை உண்டு. சிறுமியருக்கு அவர் திறந்த வழி, ஏற்கெனவே அகவை முதிர்ந்த பெண்களுக்கு அதே அளவில் திறக்கவில்லை. கலையை வாழ்வாகக் கொண்டிருந்தவர்கள் இழந்ததை நிலவுரிமை ஒன்றால் ஈடுசெய்யவும் இயலவில்லை.

ஆயினும் அவர் காட்டிய இணைப்பு இன்றும் தேவையாகிறது. மேட்டூர் போன்ற ஓர் ஊரில் இன்று மீட்கப்படும் சிறுமி காவல் நிலையம், அரசு மருத்துவமனை, குழந்தைகள் நலக் குழு, நீதிமன்றம், காப்பகம், பள்ளி எனப் பல வாயில்களைக் கடக்க வேண்டியுள்ளது. ஒவ்வொன்றும் தன் கடமையைச் செய்தாலும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அவளை அழைத்துச் செல்வார் இல்லையெனில் இடைவழியில் அவள் தொலைந்துபோகிறாள். மருத்துவர், சட்டமன்ற உறுப்பினர், காப்பாளர், கல்வியாளர் ஆகிய பொறுப்புகள் முத்துலட்சுமியிடம் ஒருங்கே அமைந்திருந்தமையால் அவ்விடைவெளி அவர் காலத்தில் ஓரளவு மூடப்பட்டது. ஒருவர் தாங்கிய அப்பொறுப்பை இன்று நிறுவனங்கள் பகிர்ந்து, தொடர்ச்சி அறாமல் தாங்குதல் வேண்டும் என்பதே அவருடைய வாழ்வு உணர்த்தும் முடிபு.