பிலிப்பு பால்தேயுஸ் ஐயர்

நாவலூரிலிருந்து தெற்கே மாமல்லபுரத்தையும் கடந்து செல்வோர், சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் எழுப்பிய கோட்டையின் மதில்களைக் காண்பர். அவர்தம் வாணிகம் அவ்வூரில் 1825-ஆம் ஆண்டோடு ஒழிந்தது. ஆயினும் அவர்கள் நாட்டில் அச்சான பழைய நகரப் படங்கள் இன்றும் நல்ல விலை பெறுகின்றன. நாகப்பட்டினத்தையும் தூத்துக்குடியையும் கொச்சியையும் கப்பலும் கோட்டையுமாகக் காட்டும் அப்படங்களைக் கண்ணாடியிட்டுச் சுவரில் மாட்டி மகிழ்வார் பலர். அவற்றுள் பல, ஒரு குருவானவர் எழுதிய நூலினின்றும் பிரித்தெடுக்கப்பட்டவை என்பதை அறிவார் சிலரே. அவர் சரித்திரத்தைச் சிறிது ஆராய்வோம்.

பால்தேயுஸ் ஐயர் 1632-இல் ஒல்லாந்து தேசத்து டெல்ப்ட் நகரில் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். குரோனிங்கன், லெய்டன் சர்வகலாசாலைகளில் பயின்று குருப்பட்டம் பெற்று, கிழக்கிந்தியக் கும்பினியாரின் ஊழியத்தில் 1655-இல் பத்தாவியா சேர்ந்தார். பின்னர் இலங்கைக்கு வந்து, தளபதி வான் கூன்ஸின் படையோடு சென்றார். 1658 ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பட்டது. அடுத்த மாதமே நாகப்பட்டினமும் வீழ்ந்தது. பீரங்கி திறந்த வாயில் வழியே சுவிசேஷம் உட்புகுந்தது என்பதை நாம் மறைத்தல் தகாது.

யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ ஏழாண்டுகள் அவர் உழைத்தார். தெல்லிப்பழை, சங்கானை, பண்டத்தரிப்பு முதலிய ஊர்களில் போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற ஆலயங்களையும் பள்ளிகளையும் சீர்படுத்தி மேற்பார்த்தார். அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவர் எனக் கணக்கில் ஏறினர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதவர் தண்டம் செலுத்தவேண்டியிருந்த காலம் அது. அத்தொகையைக் கண்டு நாம் பெரிதும் களிப்பதற்கில்லை. நம் மனத்தைக் கவர்வது வேறொன்று. குடிகள் யாவரும் ஒல்லாந்த மொழியைக் கற்கவேண்டும் என்று அதிகாரிகள் சிலர் விரும்பியபோது, பெருங்கூட்டம் ஓர் அந்நிய பாஷையைக் கற்பதினும் போதகர் ஒருவர் அக்கூட்டத்தின் பாஷையைக் கற்பதே எளிது என்று வாதித்தவர் இவர். தமிழ் மாணவராகிய நாம் இதற்காகவேனும் அவரை நினைத்தல் வேண்டும்.

தாயகம் திரும்பிக் கேர்பிலீட் என்னும் சிற்றூரில் குருவாயிருந்துகொண்டு, மலையாளக்கரை, சோழமண்டலக்கரை, இலங்கை ஆகியவற்றின் வரலாற்றையும், இந்துக்களின் சமயத்தையும் விரித்துப் பெருநூல் இயற்றினார். அது 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே ஜெர்மானிய மொழியிலும் வெளியாயிற்று. யுத்தகளங்களையும் துறைமுகங்களையும் யாழ்ப்பாணத்து ஆலயங்களையும் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டுச் சேர்த்தனர். செதுக்கியவர் ஐயர் அல்லர், அந்நகரத்துக் கைவினைஞரே. நம் கடற்கரையைக் கண்ணாற் காணாதோர் செதுக்கிய படங்களில் பனையும் தென்னையும் சிறிது ஐரோப்பியச் சாயல் பெற்றிருப்பதில் வியப்பில்லை. பதிப்பாளர் பலர் விரும்பியதும் இப்படங்களையே. இந்நாளில் வணிகர் நூலைக் குலைத்து ஏடு ஏடாக விற்பதும், கருப்பு மையில் அச்சான படத்துக்குப் பின்னாளில் வண்ணம் தீட்டுவதும் உண்டு.

நூலுக்கு ஒரு மாசும் உண்டு. இந்து சமயத்தைப் பற்றிய பகுதியில் பெரும்பங்கு, மலையாளக்கரையில் வாழ்ந்த இத்தாலிய இயேசு சபைக் குரு யாக்கோபோ பெனிச்சியோவின் கையெழுத்து நூலினின்று, அவர் பெயரைச் சொல்லாமலே எடுக்கப்பட்டதாம். சுவீடன் நாட்டு அறிஞர் சார்ப்பெந்தியர் 1933-இல் அம்மூல நூலைப் பதிப்பித்து இதனை வெளிப்படுத்தினார். யாழ்ப்பாணத்தில் ஊர் ஊராக நடந்து தாமே கண்டு எழுதிய பகுதிகள் அவ்வாறல்ல. அவை இன்றும் சரித்திர ஆசிரியருக்குப் பயன்படுகின்றன.

அந்நூலில் தமிழ் எழுத்துகளை ஐரோப்பியர்க்கு விளக்கும் சில பக்கங்களும், தமிழில் பரமண்டல ஜெபமும் உள்ளன. ஜெபத்தில் பிழைகள் மலிந்துள்ளன. திருத்தி மறுபதிப்பிடும் பேறு ஆசிரியர்க்குக் கிட்டவில்லை. நூல் வெளிவந்த காலத்தை ஒட்டியே, நாற்பது வயது நிரம்புமுன், அவர் காலமானார்.