கதை சொல்லும் நான்கு கோபுரங்கள்
(பெங்களூருவை அமைத்த கெம்பே கௌடரின் வரலாறு)

நுழைவாயில்

ஜெர்மனி நாட்டில் ஹனாவ் என்னும் ஊரில் தொடங்கிப் பிரேமன் நகர் வரை ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளும் பயண வழி ஒன்று உண்டு. தேவதைக் கதைச் சாலை என்பது அதன் பெயர். நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டி 1812ஆம் ஆண்டில் முதல் தொகுதியை வெளியிட்ட கிரிம் சகோதரர்கள் பிறந்த ஊர் ஹனாவ். கதைகளோடு தொடர்புடைய ஊர்களை இணைத்து 1975ஆம் ஆண்டில் இவ்வழி உருவாக்கப்பட்டது. இவ்வழியில் உள்ள ஹாமெலின் நகரில், 1284ஆம் ஆண்டில் குழலூதி ஒருவனைப் பின்தொடர்ந்து 130 குழந்தைகள் மறைந்துபோயினர் என்பது கதை. அக்குழந்தைகள் நடந்து சென்றதாகக் கருதப்படும் தெருவில் இன்றும் இசைக்கருவிகளை ஒலிப்பதில்லை. உண்மையில் என்ன நடந்தது என்பது மறைந்துவிட்டது. ஆயினும், இழப்பின் நினைவைக் கதை காத்து நிற்கிறது.

பெங்களூரு நகரிலும் இத்தகைய கதைவழி ஒன்று உண்டு. அதற்கெனப் பெயர்ப்பலகை எதுவும் இல்லை. தெருக்களும் கோவில்களும் ஏரிகளும் நான்கு சிறு கோபுரங்களுமே அதன் அடையாளங்கள். அவை அனைத்தும் கெம்பே கௌடர் என்னும் ஒருவரின் வாழ்வைச் சொல்கின்றன.

பிறப்பும் முன்னோரும்

கெம்பே கௌடர் 1510ஆம் ஆண்டில் பிறந்தார் எனக் கொள்வர். அவர்தம் தந்தை கெம்பநஞ்சே கௌடர். இவர்கள் விசயநகரப் பேரரசுக்கு உட்பட்டு, யெலகங்கா நாட்டை ஆண்ட குறுநிலத் தலைவர்கள்.

இக்குடியினரின் முன்னோர் காஞ்சிபுரத்தை அடுத்த பகுதியிலிருந்து வந்தவர்கள் என்பது வழிவழிச் செய்தி. அங்கு வலிமை மிக்க தலைவன் ஒருவன் இவர்கள் குடும்பத்துப் பெண்ணை வற்புறுத்தி மணக்க முயன்றான். மகளின் மானத்தைக் காக்க எண்ணிய குடும்பத்தினர் இரவோடு இரவாக ஊரை விட்டு வெளியேறினர். பாலாற்றைக் கடந்து, இன்றைய தேவனஹள்ளிக்கு அருகிலுள்ள ஆவதி என்னும் இடத்தில் குடியேறி உழவு செய்து வாழ்ந்தனர். கன்னட நாட்டின் தலைநகரை அமைத்த குடியின் கதை தமிழ் நிலத்தில் தொடங்குவது இவ்வாறுதான்.

நகரைப் பற்றிய கனவு

கெம்பே கௌடரின் இளமைக் காலத்தில் கிருட்டிணதேவராயர் பேரரசை ஆண்டுகொண்டிருந்தார். துங்கபத்திரை ஆற்றங்கரையில் அமைந்த விசயநகரத்தின் அகன்ற கடைத்தெருக்களும் நீர்த்தொட்டிகளும் கோவில்களும் அக்காலத்து அயல்நாட்டுப் பயணிகளை வியக்க வைத்தவை. அத்தகைய நகர் ஒன்றைத் தம் நாட்டிலும் அமைக்க வேண்டும் என்னும் விருப்பம் கெம்பே கௌடர் உள்ளத்தில் எழுந்தது.

ஒரு நாள் அவர் வேட்டைக்குச் சென்றபோது, வேட்டை நாயை ஒரு முயல் எதிர்த்துத் துரத்துவதைக் கண்டாராம். எளிய உயிர்க்கும் வீரம் தரும் மண் இது எனக் கருதி, அவ்விடத்தையே நகருக்கு உரியதாகத் தேர்ந்தாராம். இதே போன்ற முயல் கதை விசயநகரம் தோன்றியது பற்றியும் வழங்குகிறது. ஆகவே இதனை நடந்த நிகழ்ச்சியாகக் கொள்வதற்கு இல்லை. பேரரசின் தலைநகருக்கு இணையான பெருமை தம் ஊருக்கும் உண்டு என்று மக்கள் சொல்ல விரும்பினர். முயல் கதை அதற்கு உதவியது எனலாம்.

ஊர்ப்பெயருக்கும் ஒரு கதை உண்டு. போசள மன்னர் வீரவல்லாளர் காட்டில் வழிதவறி வந்தபோது மூதாட்டி ஒருவர் வெந்த பயற்றைக் கொடுத்துப் பசி தீர்த்தார். அதனால் இவ்வூர் 'பெந்தகாளூரு' எனப் பெயர் பெற்றது என்பர். கன்னடத்தில் 'பெந்த' என்பது தமிழில் 'வெந்த' என்பதற்கு இணையான சொல். ஆனால் பேகூர் நாகேசுவரர் கோவிலில் உள்ள வீரக்கல் ஒன்று, பெங்களூருவில் நடந்த போரைக் குறிப்பிடுகிறது. அக்கல் 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்தது. வீரவல்லாளர் பிறப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே அப்பெயர் வழங்கியது என்பதற்கு அக்கல்லே சான்று. கதை சுவையானது, கல்வெட்டு உறுதியானது. இரண்டையும் வேறுபடுத்தி அறிவதே வரலாற்று அறிவு.

நான்கு ஏர்கள் வகுத்த தெருக்கள்

அச்சுததேவராயர் பேரரசராக இருந்தபோது, 1537ஆம் ஆண்டில் கெம்பே கௌடர் பெங்களூருவில் மண்கோட்டை ஒன்றை எழுப்பினார். நல்ல நேரம் பார்த்து, நடுவிடத்தில் நான்கு ஏர்களை நிறுத்தி, நான்கு திசைகளிலும் உழுது செல்லுமாறு பணித்தார் என்பர். ஏர் சென்ற தடங்களே தெருக்களாயின. கிழக்கு மேற்காகச் சிக்பேட்டையும் வடக்குத் தெற்காகத் தொட்டபேட்டையும் அமைந்தன. தொட்டபேட்டை இன்று அவென்யூ சாலை என வழங்குகிறது. இவ்விரு தெருக்களும் கூடும் இடத்தில் நின்றால் நகர் பிறந்த இடத்தைக் காணலாம்.

தொழில் செய்வோரையும் வணிகரையும் கெம்பே கௌடர் அழைத்துக் குடியமர்த்தினார். ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனிப் பேட்டைகள் தோன்றின. அரிசிக்கு அக்கிபேட்டை, பருத்திக்கு அரளேபேட்டை, வளையலுக்குப் பளேபேட்டை, குயவர்க்குக் கும்பாரபேட்டை எனப் பெயர்கள் அமைந்தன. ஐந்நூறு ஆண்டுகள் ஆகப்போகும் இக்காலத்திலும் அப்பெயர்கள் மாறவில்லை.

கோட்டை வாயிலும் இலட்சுமம்மாவும்

கோட்டையைப் பற்றி மக்கள் சொல்லும் கதை துயரம் நிறைந்தது. தெற்கு வாயிலைப் பகலில் எழுப்பினால் இரவில் இடிந்து விழுந்ததாம். உயிர்ப்பலி தந்தால்தான் வாயில் நிற்கும் எனச் சிலர் கூறினராம். கெம்பே கௌடர் அதற்கு உடன்படவில்லை. அவர்தம் மருமகள் இலட்சுமம்மா, கருவுற்றிருந்த நிலையிலும், யாரிடமும் சொல்லாமல் நள்ளிரவில் வாயிலருகே சென்று தம் உயிரைத் துறந்தார் என்பது கதை. மாமனார் அவர் நினைவாகக் கோரமங்களாவில் கோவில் எழுப்பினார் என்பர்.

கட்டடம் நிற்பதற்கு உயிர்ப்பலி வேண்டும் என்பது அறியாமை. கற்களையும் மண்ணையும் தாங்குவது நல்ல அடித்தளமே. எனினும் இக்கதையைப் புறந்தள்ளிவிட இயலாது. பெருஞ்சுவர்களை எழுப்பியவர்களின் பெயர்களைப் பட்டயங்கள் சொல்கின்றன. அச்சுவர்களுக்காக உழைத்தும் வருந்தியும் மடிந்தவர்களின் பெயர்களை அவை சொல்வதில்லை. ஹாமெலின் நகரத் தெருவைப் போலவே, கோரமங்களாவின் சிறு கோவிலும் நகரின் பெருமைக்குப் பின்னால் இருந்த இழப்பை நினைவில் நிறுத்துகிறது. மண்கோட்டை இன்று இல்லை. நகரச் சந்தை அருகே காணப்படும் கல்கோட்டை, 1761ஆம் ஆண்டில் ஐதர் அலி கட்டியது. கெம்பே கௌடரின் கோட்டை அழிந்தது. இலட்சுமம்மாவின் பெயர் அழியவில்லை.

ஏரிகளும் கோவில்களும்

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டு நிலம். அருகில் வற்றாத ஆறு இல்லை. மழைநீரைத் தேக்கினால் அன்றி மக்கள் வாழ வழி இல்லை. இதனை உணர்ந்த கெம்பே கௌடர் தருமாம்புதி, கெம்பாம்புதி, சம்பங்கி முதலிய ஏரிகளை அமைத்தார். மேட்டு ஏரி நிறைந்தால், மிகுந்த நீர் கால்வாய் வழியே தாழ்ந்த ஏரியைச் சேரும். இவ்வாறு ஏரிகளைத் தொடராக இணைப்பது அப்பகுதியின் பழைய முறை.

பசவனகுடியில் உள்ள பெரிய நந்தி கோவிலையும் அவர் எழுப்பினார் என்பர். அங்கு நிலக்கடலை வயல்களை ஒவ்வோர் இரவும் ஒரு காளை மேய்ந்துவந்ததாம். உழவர் துரத்த, அது கல்லாகிவிட்டதாம். கல்லான பின்னும் வளர்ந்துகொண்டே போன காளையை, அதன் தலையில் சூலம் பொருத்தி நிறுத்தினராம். ஒவ்வோர் ஆண்டும் கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமையன்று உழவர்கள் தம் முதல் விளைச்சலைக் கொண்டுவந்து அங்கே கடலைத் திருவிழா நடத்துகின்றனர். நிலக்கடலை தென் அமெரிக்காவில் தோன்றி, கடல் கடந்து இந்தியாவுக்கு வந்த பயிர். புதிதாக வந்த பயிரையும் பழைய தெய்வத்தையும் மக்கள் ஒரே கதையில் இணைத்துவிட்டனர்.

சிறையும் மீட்சியும்

புகழ் வளர்ந்தபோது துன்பமும் வந்தது. கெம்பே கௌடர் தாமே நாணயம் வெளியிட்டார். பேரரசின் இசைவின்றி நாணயம் அச்சிடுதல் அக்காலத்தில் பெருங்குற்றம். அவருடைய வளர்ச்சியைக் கண்டு பொறாமை கொண்ட அண்டைத் தலைவர்கள் பேரரசரிடம் முறையிட்டனர். அவர் ஆனெகுந்தியில் ஐந்து ஆண்டுகள் சிறைவைக்கப்பட்டார். அவர்தம் நாடும் பறிக்கப்பட்டது. பின்னர் விடுதலை பெற்று, நாட்டையும் மீளப் பெற்றார். அதற்கு நன்றியாகக் கவிகங்காதரேசுவரர் குகைக் கோவிலைத் திருத்தி அமைத்தார் என்பர். தைப்பொங்கல் நாளையொட்டி மாலைக் கதிரவனின் ஒளி நந்தியின் கொம்புகளுக்கிடையே நுழைந்து கருவறையை அடையும் காட்சியை அங்கு இன்றும் காணலாம்.

சிறையிலிருந்து மீண்டவர் பகை முடிக்கப் புறப்படவில்லை. விட்ட இடத்திலிருந்து நகர்ப்பணியைத் தொடர்ந்தார். 1565ஆம் ஆண்டில் தலைக்கோட்டைப் போரில் விசயநகரம் வீழ்ந்தது. அவருக்கு வழிகாட்டிய பெருநகர் பாழானது. அதைப் பார்த்து அவர் அமைத்த சிறுநகரோ வளர்ந்தது. 1569ஆம் ஆண்டில் குணிகலிலிருந்து திரும்பும் வழியில், மாகடியை அடுத்த கெம்பாபுரத்தில் அவர் உயிர்நீத்தார். அவர்தம் நினைவிடம் அவ்வூரில் இருப்பதை 2015ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் எடுத்துரைத்தனர்.

எல்லையைக் கடந்த நகர்

நகரின் நான்கு எல்லைகளில் நிற்கும் காவல் கோபுரங்களை அவர் மரபில் வந்த இரண்டாம் கெம்பே கௌடர் எழுப்பினார் என்பர். ஒன்று லால்பாக் தோட்டத்துப் பாறைமேல் உள்ளது. 300 கோடி ஆண்டுப் பழைமை கொண்ட பாறை அது. மற்றொன்று கெம்பாம்புதி ஏரிக்கரையிலும், மூன்றாவது அல்சூர் ஏரிக்கு அருகிலும், நான்காவது மேக்ரி வட்டத்தின் அருகிலும் உள்ளன. நான்கு தூண்களும் சிறு விமானமும் கொண்ட எளிய கற்கோபுரங்கள் அவை. இவற்றைத் தாண்டி நகர் விரிந்தால் தீங்கு நேரும் என முன்னோர் எச்சரித்ததாக ஒரு கதை வழங்குகிறது.

நகர் அவற்றைத் தாண்டி நெடுந்தொலைவு சென்றுவிட்டது. தருமாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று கெம்பே கௌடர் பேருந்து நிலையம் இயங்குகிறது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவ விளையாட்டரங்கம் நிற்கிறது. குடிநீரோ ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காவிரியிலிருந்து மேடேற்றிக் கொண்டுவரப்படுகிறது. கோபுரங்களின் எச்சரிக்கை சாபமன்று. நீர் எட்டும் தொலைவையும் நிலம் தாங்கும் அளவையும் அறிந்து வாழ வேண்டும் என்னும் பட்டறிவே கதையாக நின்றது எனக் கொள்வது பொருந்தும்.

2013ஆம் ஆண்டில் பெங்களூரு பன்னாட்டு விமான நிலையத்திற்குக் கெம்பே கௌடர் பெயர் சூட்டப்பட்டது. 2022ஆம் ஆண்டில் அங்கே 108 அடி உயரச் சிலை திறக்கப்பட்டது. சிலை அவர் பெயரைப் பாதுகாக்கும். ஆனால் அவர் ஏரியின் பெயரைத் தாங்கிய இடத்தில் நீர் இல்லை என்பதைச் சிலை சொல்லாது. அதைச் சொல்வதற்குக் கதைகளும், கதைகளைத் தேடி நடக்கும் கால்களும் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

இசைவு – ஒப்புதல்
குறுநிலம் – சிறிய நாடு
பட்டயம் – ஆணை பொறித்த செப்பேடு
பட்டறிவு – வாழ்ந்து பெற்ற அறிவு
மீட்சி – மீண்டு வருதல்
வீரக்கல் – போரில் இறந்தோர் நினைவாக நடப்பட்ட கல்

சிந்தித்து விடை எழுதுக

1. பெங்களூரு என்னும் பெயர் பற்றிய கதையைப் பேகூர் வீரக்கல் எவ்வாறு மறுக்கிறது?
2. இலட்சுமம்மாவின் கதையை நம்பாமலே மதிக்க இயலுமா? உம் கருத்தை எழுதுக.
3. ஏரிகளைத் தொடராக இணைத்ததன் பயன் யாது?
4. உம் ஊரிலுள்ள ஏரி, பாறை, கோவில் அல்லது தெரு ஒன்றைப் பற்றி வழங்கும் கதையை மூத்தோரிடம் கேட்டு எழுதுக. அதில் கதை எது, சான்றுள்ள செய்தி எது எனப் பிரித்துக் காட்டுக.