மெக்பெயில் அம்மையார்

உலகில் பிறந்தார் அனைவரும் ஏதேனும் ஒரு தொழிலைச் செய்து வாழ்கின்றனர். ஆனால், தம் தொழிலையே இறைவன் தமக்கு இட்ட பணி எனக் கருதி, அதற்கெனத் தம்மை ஒப்புவித்தவர் மிகச் சிலரே. கிறித்தவ சமயத்தார் இதனை ‘அழைப்பு’ என்று வழங்குவர். அழைப்பு ஒரே நாளில் முற்றுப்பெறும் நிகழ்ச்சியன்று; அது விதையைப் போன்றது. நீரும் எருவும் இட்டுப் பேணினாலன்றி விதை மரமாவதில்லை. அவ்வாறே அழைப்பை ஏற்றவரும் தம் பணியோடு தாமும் வளர்தல் வேண்டும். இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்கியவர், இராயபுரத்தில் ரெயினி மருத்துவமனையைத் தோற்றுவித்த மெட்டில்டா மெக்பெயில் அம்மையார் ஆவார்.

ஸ்காட்லாந்து நாட்டின் மேற்குக் கடலில் ஸ்கை என்னும் தீவு உள்ளது. குன்றுகளும் குளிர்காற்றும் நிறைந்த அத்தீவில், 1860-ஆம் ஆண்டில் அம்மையார் பிறந்தார். அவருடைய தந்தையார் திருச்சபையில் போதகராகப் பணியாற்றியவர். சமயப் பற்றும் கல்வியில் நாட்டமும் உடைய இல்லத்தில் வளர்ந்த அம்மையாருக்கு, மருத்துவம் கற்றுப் பிறர் துயர் துடைக்க வேண்டும் என்னும் வேட்கை உண்டாயிற்று.

அந்நாளில் அவ்வேட்கை எளிதில் நிறைவேறக் கூடியதன்று. பெண்கள் மருத்துவம் பயில்வதை ஆங்கில நாட்டார் விரும்பவில்லை. 1869-இல் சோபியா ஜெக்ஸ்-பிளேக் என்னும் பெண்மணியும் அவருடைய தோழியரும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவ வகுப்பிற் சேர்ந்தனர். அடுத்த ஆண்டில், அவர்கள் தேர்வெழுதச் சென்றபோது ஒரு கூட்டம் வழிமறித்துச் சேற்றை வாரி இறைத்தது. பல்கலைக்கழகமும் அவர்களுக்குப் பட்டம் தர மறுத்தது. சோபியா மனந்தளர்ந்தாரல்லர். அவருடைய பெருமுயற்சியால் 1874-இல் இலண்டன் மாநகரில் பெண்களுக்கெனத் தனி மருத்துவப் பள்ளி தோன்றியது. மூத்தோர் இவ்வாறு வருந்தித் திறந்த வாயிலின் வழியே இளையோர் பலர் உட்புகுந்தனர். மெக்பெயில் அம்மையாரும் அப்பள்ளியில் பயின்று, 1887-இல் மருத்துவராகத் தேர்ந்தார்.

தாய்நாட்டில் தங்கியிருந்தால், உற்றாரும் உறவினரும் சூழ அவர் வாழ்ந்திருக்கலாம். அவர் அதனை நாடவில்லை. ஸ்காட்லாந்தின் சுயாதீனத் திருச்சபை சார்பில் 1888-இல் கடல் கடந்து சென்னைக்கு வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 28.

அக்காலத்துச் சென்னையில் பெண்கள் நோயுற்றால் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. ஆண் மருத்துவர் தம்மைத் தொட்டுப் பார்ப்பதைப் பெண்கள் நாணினர், குடும்பத்தாரும் இசையவில்லை. ஆகவே, மகப்பேற்றில் இடர் நேர்ந்தபோது, உரிய மருத்துவம் பெறாமலே உயிர் துறந்த தாய்மார் பலர். இக்குறையை நீக்கச் சில முயற்சிகள் முன்னரே தொடங்கியிருந்தன. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் அம்மையார், 1885-இல் கோஷா மருத்துவமனையை நிறுவினார். எனினும், பரந்த நகரின் தேவைக்கு முன் இவை கடலிற் கரைத்த பெருங்காயம் போலவே இருந்தன.

வடசென்னையோ உழைப்பாளர் நிறைந்த பகுதி. தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி 1856-இல் புறப்பட்ட நிலையம் இராயபுரத்தில் உள்ளது. அதனருகே துறைமுகம் எழுந்தது. மீனவர், சுமை தூக்குவோர், ஆலைத் தொழிலாளர் முதலியோர் நெருக்கமான தெருக்களில் வாழ்ந்தனர். அவர்தம் இல்லங்களில் இருந்த பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவ உதவி மிகுதியும் தேவைப்பட்டது.

அம்மையாரின் பணி மிகச் சிறியதாகவே தொடங்கியது. அவரிடம் பெரிய கட்டடம் இல்லை. தாம் தங்கியிருந்த வீட்டிலேயே நோயாளரைப் பார்த்து மருந்து வழங்கினார். வேற்று நாட்டார், வேற்று மொழியினர், வேற்றுச் சமயத்தவர் ஆகிய ஒருவரிடம் தம் உடலையும் உயிரையும் ஒப்புவிப்பது மக்களுக்கு எளிதான செயலன்று. நம்பிக்கை, விலை கொடுத்து வாங்கும் பொருளன்று. பொறுமையாலும் கனிந்த சொல்லாலும் நாளடைவில் ஈட்டப்படுவது. இதனை உணராத மருத்துவர் எத்துணைக் கல்வி உடையவராயினும் பயன்படார். கல்லூரியில் கற்றதோடு அம்மையாரின் கல்வி முடிந்துவிடவில்லை. மக்களின் அச்சத்தையும் வழக்கத்தையும் அறியும் இரண்டாம் கல்வி சென்னையிலேதான் தொடங்கியது.

நோயாளரின் தொகை பெருகப் பெருக, வீட்டின் அறைகள் போதாவாயின. சில படுக்கைகளோடு கூடிய சிறு மருத்துவமனை ஏற்பட்டது. அதுவும் பின்னர் இடம் போதாமல் இடர்ப்பட்டது. கடுகு விதை சிறிதாயினும், வளர்ந்தபின் பறவைகள் வந்தடையும் மரமாகும் என்பது இயேசுபெருமான் கூறிய உவமை. அவ்வுவமை அம்மையாரின் பணியில் கண்கூடாயிற்று.

இராயபுரத்தில் விரிந்த ஓரிடத்திலே புதிய மருத்துவமனை எழும்பி, 1914-இல் திறக்கப்பெற்றது. 26 ஆண்டுகள் உழைத்து அப்பணியை வளர்த்தவர் அம்மையார். ஆயினும், அதற்கு அவருடைய பெயர் சூட்டப்படவில்லை. ஸ்காட்லாந்தில் இருந்துகொண்டே பெண்கள் நலப்பணிக்காக அயராது உழைத்த கிறிஸ்டினா ரெயினி என்னும் பெண்மணியின் பெயரே அதற்கு அமைந்தது. கடலுக்கு அப்பால் ஊக்கம் அளித்தவரின் பெயர் நிலைக்க, இங்கே உழைத்தவர் தம் பெயரை மறைத்துக்கொண்டார். தன்னை முன்னிறுத்தாமையே சீடத்துவத்தின் முதிர்ச்சி அன்றோ?

அவ்வாண்டிலேயே முதல் உலகப் போர் மூண்டது. செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில் எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னையைத் தாக்கியது. துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. அச்சங்கொண்ட மக்கள் பலர் நகரை விட்டு அகன்றனர்.

ஐரோப்பாவிலோ போரின் கொடுமை பன்மடங்கு மிகுந்திருந்தது. இந்தியாவிலே பிறந்த எல்சி இங்லிஸ் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், பெண்களே நடத்தும் மருத்துவப் படை ஒன்றை அமைக்க முன்வந்தார். ஆங்கில அரசின் போர்த்துறை அவ்வுதவியை ஏற்க மறுத்தது. பிரான்சும் செர்பியாவும் அதனை உவந்து ஏற்றுக்கொண்டன. மெக்பெயில் அம்மையாரும் அப்படையிற் சேர்ந்து, செர்பிய நாட்டவருக்கும், பிரான்சில் அடைக்கலம் புகுந்த செர்பிய ஏதிலிகளுக்கும் தொண்டாற்றினார்.

அப்போது அவருக்கு வயது 50-ஐக் கடந்திருந்தது. பல்லாண்டு கனவு கண்ட மருத்துவமனை எழுந்துவிட்டது. இனி அமைதியாக அங்கேயே இருந்து அதன் பயனைக் காணலாம் என்று அவர் எண்ணியிருந்தால், எவரும் குறை கூறியிரார். ஆனால், வழியில் அடிபட்டுக் கிடந்தவனை இன்னான் என்று கேளாமல் எடுத்துப் பேணிய சமாரியனின் கதையைக் கற்றவருக்கு, துன்புறுவோர் யாராயினும் அயலாரே ஆவர். நேற்றுச் செய்த நன்மையைக் காட்டி இன்றைய கடமையிலிருந்து நீங்குதல் அவருக்கு இயலவில்லை.

போர் முடிந்தபின் அம்மையார் சென்னைக்கே திரும்பினார். புகழ் பெற்றுவிட்டோம் என்று ஓய்ந்திராமல், பழைய பணியைப் புதிய ஊக்கத்தோடு தொடர்ந்தார். ஏறத்தாழ 40 ஆண்டுகள் இந்நகர மக்களுக்குத் தொண்டு செய்தபின், முதுமை எய்தித் தாயகம் சென்றார். இந்திய அரசின் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அவருடைய பணியைப் பாராட்டி வழங்கப்பட்டது. 1946-இல் அவர் இறைவனடி சேர்ந்தார்.

மறு ஆண்டில் இந்தியா விடுதலை பெற்றது. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. அயல்நாட்டார் தொடங்கிய பணிகள் இந்நாட்டவர் கைக்கு வந்தன. ரெயினி மருத்துவமனையும் அத்திருச்சபையின் பொறுப்பில் தொடர்ந்து இயங்கி வருகிறது. நட்டவர் சென்ற பின்னும் நிழல் தருவதே மரத்தின் சிறப்பு. தொடங்கியவர் மறைந்த பின்னும் பிறர் கையில் தழைப்பதே தொண்டின் சிறப்பு.

அம்மையாரின் வாழ்விலிருந்து நாம் அறிய வேண்டுவது யாது? கற்கும் காலத்தில் தடைகளுக்கு அஞ்சாமை. தொடங்கும் காலத்தில் சிறுமைக்கு நாணாமை. வெற்றி எய்திய காலத்தில் பெயருக்கு ஏங்காமை. புதிய துன்பம் அழைத்த காலத்தில் பழைய பெருமையிலே தங்காமை. இந்நான்கு படிகளிலும் ஏறியே அவருடைய அழைப்பு முதிர்ந்தது. நல்ல நோக்கத்தை ஒரு நாளில் மேற்கொள்ளுதல் பலர்க்கும் இயலும். அதனோடு வாழ்நாள் முழுதும் வளர்தலே அரிது. அவ்வரிய செயலைச் செய்து காட்டிய மெக்பெயில் அம்மையாரின் வாழ்வு, எத்துறையில் தொண்டாற்ற விழைவார்க்கும் வழிகாட்டும் விளக்காகும்.